கல்கத்தாவில் ஆங்கிலச் சொற்கல்வி: பட்டியலிலிருந்து தொடருக்கு

1. முன்னுரை

கரியாஹாட் என்பது கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் கூடும் நாற்சந்தியை மையமாகக் கொண்ட வணிகப் பகுதியாகும். 'ஹாட்' என்னும் வங்காளச் சொல் சந்தையைக் குறிக்கும். இச்சாலை வழியே மேற்கே சென்றால் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதி வரும். தெற்கே சென்றால் கோல்பார்க் வரும். பழைய புத்தகக் கடைகளும், 1961இல் அங்குத் தன் புதுக் கட்டடத்திற்கு வந்த ராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டு நிறுவனத்தின் மொழிப்பள்ளியும் அங்கு உள்ளன. இப்பகுதியின் நடைபாதைக் கடைகளில் ஆங்கிலச் சொல்வள நூல்களும் மரபுத்தொடர்க் கையேடுகளும் துணிமணிகளோடு அருகருகே விற்கப்படுவதைக் காணலாம்.

இக்கையேடுகளுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஆங்கிலத்தின் பெயரடைகளையும் வழக்குத் தொடர்களையும் கற்பிக்கக் கல்கத்தாவில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளைக் கால வரிசையில் நோக்கி, அவற்றிலிருந்து மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பெறக்கூடியவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

2. பட்டியற்காலம்

கல்கத்தாவில் அச்சான ஆங்கில-வங்காளச் சொற்றொகுதிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று 1793இல் கிரானிகிள் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. ஆப்ஜான் என்பவர் பெயரோடு தொடர்புடைய இந்நூல், நாட்டு மக்கள் ஆங்கிலம் கற்பதற்கும் ஆங்கிலேயர் வங்காளம் கற்பதற்கும் ஒருசேரப் பயன்படும் நோக்குடையது. 1797இல் ஜான் மில்லரின் 'டியூட்டர்' என்னும் பாடநூல் வந்தது. ஹென்றி பிட்ஸ் ஃபார்ஸ்டரின் விரிவான சொற்றொகுதி 1799இலும் 1802இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. இதே காலப்பகுதியில் சென்னை வேப்பேரியில் ஃபப்ரிசியுசும் பிரைத்தாப்டும் 1779இல் தமிழ்-ஆங்கில அகராதியையும், 1786இல் ஆங்கில-தமிழ் அகராதியையும் வெளியிட்டிருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலம் அறிந்தவர் என்ற மதிப்பு, ஒருவர் மனப்பாடம் செய்திருந்த சொற்களின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. அக்கால நிலையைப் பின்னாளில் ராஜ்நாராயண் பாசு தம் 'சேகால் ஆர் ஏகால்' என்னும் நூலில் (1874) பதிவு செய்துள்ளார். காய்கறிகளின் ஆங்கிலப் பெயர்களையும் அவற்றிற்கு நேரான வங்காளப் பெயர்களையும் சந்தத்தில் அடுக்கிப் பாடமாக்கும் வழக்கம் அன்று இருந்தது.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. நிகண்டுக் கல்வியும் சந்தத்தின் துணைகொண்டு சொல்லை நினைவில் நிறுத்தியதே. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகளுள் ஒன்றைப் பண்பு பற்றிய பெயர்களுக்கும், மற்றொன்றைச் செயல் பற்றிய பெயர்களுக்கும், இன்னொன்றை ஒலி பற்றிய பெயர்களுக்கும் ஒதுக்கியது. தொல்காப்பியமும் இசை, குறிப்பு, பண்பு ஆகியவற்றை உணர்த்தும் உரிச்சொல்லுக்குத் தனி இயல் வகுத்தது. அதாவது, பொருளின் பெயரை அறிவது வேறு, பொருளை வருணிக்கும் சொல்லை அறிவது வேறு என்ற தெளிவு இம்மரபில் இருந்தது. சந்தத்தில் அமைந்த ஆங்கிலப் பாடமோ பெரிதும் பெயர்ச்சொற்களிலேயே நின்றது. வெள்ளரிக்காயின் ஆங்கிலப் பெயரை அறிந்தவர், அது பிஞ்சா முற்றலா என்று சொல்ல அறியார்.

3. தொடரை மனப்பாடம் செய்த காலம்

1817இல் இந்துக் கல்லூரியும் கல்கத்தாப் பள்ளிப் புத்தகச் சங்கமும் தோன்றின. 1834இல் ராம்கமல் சென்னின் ஆங்கில-வங்காள அகராதி நிறைவுற்றது. 1835இல் மெக்காலேயின் குறிப்பு ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவை உறுதிசெய்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபின், ஆங்கிலத் தேர்வு அரசுப் பணிக்கு வாயிலாயிற்று. பியாரி சரண் சர்க்காரின் முதல் வாசிப்பு நூல் வங்காளப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவந்தது.

தேர்வில் வெற்றிபெறச் சொல் மட்டும் போதாது, தொடரும் வேண்டும் என்ற உணர்வு இக்காலத்தில் எழுந்தது. ஆனால் தொடர்களும் பட்டியலாகவே கற்கப்பட்டன. இதன் விளைவைக் காட்டும் புகழ்பெற்ற சான்று, கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த அனுகூல் சந்திர முகர்ஜியைப் பற்றி அவர் உடன்பிறந்தார் மகன் எழுதி 1873இல் கல்கத்தாவில் வெளிவந்த வாழ்க்கை வரலாறாகும். இலக்கிய நடைக்குரிய தொடர், பேச்சு வழக்குக்குரிய தொடர், சட்ட நடைக்குரிய தொடர், இலத்தீன் மேற்கோள் ஆகிய அனைத்தும் அந்நூலில் அருகருகே நிற்கின்றன. ஆங்கிலேயர் இதனைப் 'பாபு ஆங்கிலம்' என்பதற்கு எடுத்துக்காட்டாக்கி நெடுங்காலம் நகையாடினர். 1891இல் ஆர்னால்டு ரைட் இத்தகைய எழுத்துகளைத் திரட்டித் தனி நூலாகவே வெளியிட்டார்.

இந்நகைப்பை விலக்கி நோக்கின் மொழியியல் உண்மையொன்று புலப்படும. அந்நூலாசிரியர் கையாண்ட தொடர்கள் பெரும்பாலும் தனித்தனியே ஆங்கிலத்தில் உள்ளவையே. பிழை தொடரில் இல்லை. எத்தொடர் எந்நடைக்கு உரியது, எத்தொடர் எதனோடு சேரும் என்ற குறிப்புப் பட்டியலில் இல்லாமையே பிழைக்குக் காரணம். குறை கற்றவருடையது அன்று, கற்பித்த கருவியினுடையது. அதற்கான இழிவைச் சுமந்தவரோ கற்றவரே.

தாகூர் இக்குறையை உணர்ந்து மாற்று வழி தேடியவர்களுள் ஒருவர். சாந்திநிகேதன் மாணவர்க்காக அவர் எழுதிய 'இங்ரேஜி சோபான்' (1904), 'இங்ரேஜி ஸ்ருதிசிக்ஷா' (1909) ஆகிய நூல்கள் செவிப்பயிற்சிக்கும் வாக்கியப் பயிற்சிக்கும் முதன்மை அளித்தன. 1917இல் வெளிவந்த 'அனுபாத சர்ச்சா' மொழிபெயர்ப்பையே மொழி கற்கும் கருவியாகக் கொண்டது.

4. 1926: இரு நூல்கள்

வங்காளத்தின் மொழி வரலாற்றில் 1926 குறிப்பிடத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டில் சுனிதி குமார் சட்டர்ஜியின் 'வங்காள மொழியின் தோற்றமும் வளர்ச்சியும்' என்னும் பெருநூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் இரு தொகுதிகளாக வெளியிட்டது. அதே ஆண்டில், டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தைச் சிறப்பாகக் கருதி எழுதிய 'இருமொழியம்' என்னும் நூல் வெளிவந்தது.

வெஸ்ட் எழுப்பிய வினா எளியது. வங்காளச் சிறுவருள் பெரும்பாலோர் பள்ளிக் கல்வியை முடிப்பதில்லை. இடையில் நின்றுவிடும் சிறுவனுக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் என்ன பயன்? காப்பீட்டை இடையில் கைவிடுபவர்க்குத் திரும்பக் கிடைக்கும் தொகையைக் குறிக்கும் சொல்லால் அவர் இப்பயனைக் குறித்தார். எனவே மிகுதியாக வழங்கும் சொற்களை முதலில் கற்பிக்க வேண்டும், புதுச்சொற்களை இடைவெளிவிட்டுப் புகுத்திப் பலமுறை மீண்டும் வரச்செய்ய வேண்டும், அருஞ்சொற்களை நீக்க வேண்டும் என்பன அவர் கொள்கைகள். 1921இல் தார்ண்டைக் வெளியிட்டிருந்த பத்தாயிரம் சொற்களின் பட்டியல் இதற்குத் துணைபுரிந்தது. வெஸ்ட் எண்டிகாட்டுடன் இணைந்து 1935இல் வெளியிட்ட அகராதி ஏறத்தாழ 24,000 உருப்படிகளை 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. 1953இல் வெளிவந்த அவருடைய பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்களைக் கொண்டது.

எனினும் மிகு வழக்குச் சொல்லே மிகுந்த இடர் தருவது. 'டேக்', 'கெட்', 'மேக்', 'ஹெவி', 'ஸ்ட்ராங்' போன்றவை பட்டியலின் தொடக்கத்திலேயே வருபவை. ஆயின் அவை எவற்றோடு சேரும் என்பதே கற்பவரின் சிக்கல். தோக்கியோவில் பணியாற்றிய ஹெரால்டு பாமர் 1933இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அங்கு அவரோடு பணிசெய்த ஹார்ன்பி குழுவினரின் அகராதி 1942இல் வந்தது. முன்னர் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராயிருந்த ஃபர்த், சொற்சேர்க்கையும் பொருளின் ஒரு கூறே என்ற கருத்தை 1951இல் நிலைநாட்டினார். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்க நேர்ந்த ஆசிய நகரங்களின் பட்டறிவு இக்கொள்கை வளர்ச்சிக்கு உரமிட்டது எனலாம்.

சட்டர்ஜியின் பங்களிப்பு எதிர்த்திசையில் அமைந்தது. 1927இல் லண்டனில் வெளிவந்த அவருடைய வங்காளத் தற்பயிற்சி நூல், ஆங்கிலம் அறிந்தவர்க்கு வங்காளச் சொற்களையும் உரையாடல் தொடர்களையும் தந்தது. ஒரு மொழியின் ஒலியன்களையும் உருபன்களையும் வரலாற்று நோக்கில் ஆராய்ந்த அறிஞர், அன்றாடத் தொடர்க் கையேடு எழுதுவதைத் தகுதிக் குறைவாகக் கருதவில்லை என்பது எண்ணத்தக்கது. கரியாஹாட்டை அடுத்த ஹிந்துஸ்தான் பார்க்கில் 'சுதர்மா' என்னும் இல்லத்தில் அவர் வாழ்ந்தார். 1956இல் அறிக்கை அளித்த ஆட்சிமொழி ஆணையத்தில், அவரும் தமிழகத்தின் டாக்டர் ப. சுப்பராயனும் தத்தம் மாற்றுக்கருத்துகளைப் பதிவு செய்தனர். 'திராவிடம்' பற்றிய அவருடைய சொற்பொழிவுகளை 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது.

5. கற்றலின் வாயில் அடைபட்டபோது

1983இல் மேற்கு வங்க அரசு, அரசுசார் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பதை நிறுத்தியது. தாய்மொழிக் கல்வியால் இடைநிற்றல் குறையும் என்பது அதன் வாதம். மொழியியலறிஞர் சுகுமார் சென் உள்ளிட்ட அறிஞர் பலர் இம்முடிவை எதிர்த்தனர். ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் தொடங்குவோர்க்காக, இலக்கண விதிகளைக் குறைத்துக் கருத்துப்பரிமாற்றத்தை முன்னிறுத்திய புதிய பாடநூல்கள் எழுதப்பட்டன. 1998இல் மொழியியலறிஞர் பவித்ர சர்க்காரின் ஒருநபர்க் குழு இப்பொருளை ஆராய்ந்தது. அதன்பின் மூன்றாம் வகுப்பிலும், 2004இல் முதல் வகுப்பிலும் ஆங்கிலம் மீண்டும் இடம்பெற்றது.

தொடக்க நிலையில் தாய்மொழி வழியே கற்பது நன்று என்பதில் மொழியியலார்க்கு ஐயமில்லை. ஆயின் தாய்மொழி வழியே கற்பதும் இரண்டாம் மொழியைக் கற்காதிருப்பதும் ஒன்றல்ல. இக்கொள்கை தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே, கட்டணம் செலுத்த இயன்ற வீட்டுப் பிள்ளைகள் வழக்குத் தொடர்களைக் கேட்டுப் பழகினர். ஏனையோர் அவற்றைப் பின்னாளில் கையேடுகளில் தேட நேர்ந்தது. நடைபாதையில் விற்கும் மரபுத்தொடர் நூலை வாங்குபவர் அனுகூல் சந்திரரின் வரலாற்றை எழுதியவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்: கையில் தொடர் உண்டு, அதன் வழக்கிடம் தெரியாது.

6. பெயரடையும் மொழிபெயர்ப்பும்

பட்டியல் முறையின் போதாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தமிழில் 'கடு' என்னும் பண்படி கடுங்குளிர், கடும்வெயில், கடுஞ்சொல், கடும்போட்டி எனப் பல பெயர்களோடு சேரும். வங்காளத்தில் 'கொடா' என்னும் பெயரடை தேநீர், வெயில், பேச்சு, கண்டிப்பு ஆகியவற்றோடு சேரும். ஒலியொப்புமை கொண்டு இவற்றின் வேருறவை ஆராய்வது இங்கு நோக்கமன்று. ஆங்கிலத்திலோ குளிர் 'பிட்டர்' அல்லது 'சிவியர்', வெயில் 'ஸ்கார்ச்சிங்', சொல் 'ஹார்ஷ்', போட்டி 'ஸ்டிஃப்', தேநீர் 'ஸ்ட்ராங்' எனப் பிரியும். தமிழரும் வங்காளியரும் ஒரு சொல்லால் கடக்கும் பரப்பை ஆங்கிலம் ஐந்து சொற்களால் பகுக்கிறது.

மறுதிசையிலும் இஃது உண்மை. ஆங்கில 'ஹெவி' மழை, போக்குவரத்து, நெஞ்சம் ஆகிய மூன்றோடும் சேரும். தமிழில் அவை பெருமழை, நெரிசல், கனத்த நெஞ்சம் என வேறுபடும். 'கனமழை' என்பது இன்று செய்தி நடையில் வேரூன்றிவிட்டது. 'கனப் போக்குவரத்து' அவ்வாறு ஊன்றவில்லை. வங்காள 'பாரி' எடையைக் குறிப்பதோடு 'மிக' என்னும் பொருளில் 'பாரி ஸுந்தர்' என மிகுதியடையாகவும் வரும். ஆங்கில 'ஹெவி'யை அவ்விடத்தில் வைக்க இயலாது.

இரட்டைக்கிளவிகள் மேலும் நுட்பமானவை. தாகூர் தம் 'சப்ததத்துவம்' நூலில் (1909) வங்காள ஒலிக்குறிப்புச் சொற்களை விரிவாக ஆராய்ந்தார். 'பளபள', 'வழவழ' போன்ற தமிழ்ச் சொற்களுக்கு வங்காளத்தில் எளிதில் இணை காணலாம். ஆங்கிலத்தில் அவற்றைப் பெரும்பாலும் வினையாலோ சேர்க்கை பெற்ற பெயரடையாலோதான் உணர்த்த முடியும். இத்தகைய இடங்களில் மொழிபெயர்ப்பாளர்க்குச் சொல்லுக்குச் சொல் தரும் அகராதியைவிடச் சூழல் காட்டும் அகராதியே துணையாகும். ஆங்கிலத்திற்கு 1987இல் கோபில்டு அகராதியும், தமிழுக்கு 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் எடுத்துக்காட்டு வாக்கியங்களால் இத்தேவையைப் பெருமளவு நிறைவு செய்தன.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும்.

(1) கல்கத்தாவின் ஆங்கிலச் சொற்கல்வி, பெயர்ச்சொற் பட்டியல், தொடர்ப் பட்டியல், வழக்கு மிகுதியால் தெரிந்தெடுத்த பட்டியல் என்னும் மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. மூன்றிலும் சொற்சேர்க்கையும் நடைக்குறிப்பும் போதிய இடம் பெறவில்லை.

(2) 'பாபு ஆங்கிலம்' என்று இகழப்பட்டது அறிவின் குறையன்று. வழக்கிடம் காட்டாத கற்பித்தலின் விளைவு.

(3) தமிழுக்கும் வங்காளத்திற்கும் பெயரடை, இரட்டைக்கிளவி ஆகியவற்றில் காணப்படும் ஒப்புமை, இருமொழியினர்க்கும் பொதுவான ஆங்கிலச் சொற்சேர்க்கைக் கையேடு ஒன்றை உருவாக்க இடந்தருகிறது. தலைச்சொல் ஆங்கிலமாக இராமல், கற்பவரின் மொழிப் பெயரடையாக இருப்பதே பயன் தரும். 'கடு' என்ற சொல்லைத் தேடுபவர்க்கு, அது சேரும் ஒவ்வொரு பெயருக்கும் உரிய ஆங்கிலச் சேர்க்கை கிடைக்க வேண்டும். அச்சேர்க்கை பேச்சுக்குரியதா எழுத்துக்குரியதா என்ற குறிப்பும் உடன் வேண்டும்.

இத்தகைய கையேடு பள்ளியில் தொடர்களைக் கேட்டுப் பழகும் வாய்ப்புப் பெறாதவர்க்கே முதற்கண் உரியது. கல்வியை இடையில் விட நேர்ந்தவர்க்கு அதுவரை கற்றது பயன்பட வேண்டும் என்று 1926இல் எழுந்த கேள்விக்கு, மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து அளிக்கக்கூடிய விடை இதுவே.