வண்டி ஓரிடம், வரி ஓரிடம்

சொந்த ஊரை விட்டு வந்து பிற ராஜ்யங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தில்லியில் ஒரு மோட்டார் காரை வாங்கித் திருச்சிக்குக் கொண்டு சென்றால், விற்பனை வரி யாரைச் சேரும்? விற்ற ஊரையா, வண்டி ஓடப்போகும் ஊரையா? கேட்க எளிதாயிருக்கும் இக்கேள்வி சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பையே தலைகீழாக மாற்றிற்று. அரசியல் சட்டத்தையும் திருத்த வைத்தது.

விற்பனை வரி நம் நாட்டில் மிகப் பழையதன்று. 1938-ல் மத்திய மாகாணமும் பேராரும் மோட்டார் எண்ணெய்களின் விற்பனைக்கு வரி விதித்தன. மறு ஆண்டு, ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்த சென்னை மாகாணம், சரக்குகள் அனைத்துக்கும் பொதுவாக அவ்வரியை விதித்தது. இந்தியாவில் அதுவே முதல். மதுவிலக்கினால் குறைந்த கலால் வருமானத்தை ஈடு செய்ய வேறு வழி தேடியபோது பிறந்த வரி இது. கள்ளுக்கடை மூடியதால் மளிகைக் கடைக்காரர் கணக்கு எழுத நேர்ந்தது எனலாம். வரி நூற்றுக்கு அரை ரூபாய்தான். எனினும் வியாபாரிகளின் எதிர்ப்பு பலமாகவே இருந்தது.

பிற மாகாணங்கள் பின்தொடர்ந்தன. சில, சரக்கு உற்பத்தியான இடத்தைக் காட்டி வரி கேட்டன. சில, ஒப்பந்தம் ஆன இடத்தைக் காட்டின. சில, சரக்கு வந்து சேர்ந்த இடத்தைக் காட்டின. ஒரே விற்பனைக்கு இரண்டு, மூன்று மாகாணங்கள் கை நீட்டின. இதைத் தடுக்கவே 1950-ன் அரசியல் சட்டத்தில் 286-ஆம் ஷரத்து எழுதப்பட்டது. உபயோகத்துக்காகச் சரக்கு எந்த ராஜ்யத்தில் ஒப்படைக்கப்படுகிறதோ, அங்கேயே விற்பனை நடந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது அதன் விளக்கம். ‘கொள்ள வேண்டும்’ என்பதில்தான் சிக்கல். நடவாததை நடந்ததாகக் கொள்ளும் இந்தச் சட்டக் கற்பிதங்கள், மொழிபெயர்ப்பை ஊழியமாகக் கொண்ட நமக்கு என்றுமே தலைவலிதான். நீதிபதிகளுக்கும் அவ்வாறே ஆயிற்று.

முதலில் வழக்குக்குச் சென்றவர்கள் பம்பாயில் மோட்டார் கார் விற்ற கம்பெனிகள். 1953-ல் பிரதம நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியின் தலைமையில் கோர்ட்டின் பெரும்பான்மை சொன்னது இதுதான்: விற்பவர் வெளியில் இருந்தாலும், சரக்கைப் பெறும் ராஜ்யம் அவரிடம் வரி கேட்கலாம். விளைவு என்ன? ஓர் ஊரில் கடை வைத்து நாடெங்கும் சரக்கு அனுப்பியவருக்குப் பல ராஜ்யங்களிலிருந்தும் நோட்டீஸுகள் வந்தன. கல்கத்தாவின் மருந்துக் கம்பெனி ஒன்று, பீஹார் கேட்ட வரியை எதிர்த்து வழக்காடியது. 1955 செப்டம்பர் 6-ல் நால்வர் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகப் பிரிந்து, கோர்ட் தன் முந்தைய தீர்ப்பையே தவறு என்றது. மாறுபட்ட மூவரில் நம்மவரான டி. எல். வெங்கடராம ஐயரும் ஒருவர். வசூலான பணத்தைத் திருப்பித் தர நேருமோ என்று சர்க்கார்கள் அஞ்சின. 1956 ஜனவரியில் ஓர் அவசரச் சட்டம் அவ்வசூலைச் செல்லத்தக்கதாக்கிற்று. அவ்வாண்டிலேயே ஆறாவது திருத்தமும் மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தன.

அச்சட்டத்தின் ஏற்பாடு விசித்திரமானது. சட்டம் மத்திய சர்க்காருடையது. வசூலோ சரக்குப் புறப்படும் ராஜ்யத்துக்கு. பதிவு பெற்ற வியாபாரிக்குத் தொடக்கத்தில் நூற்றுக்கு ஒன்று. பதிவில்லாத சாதாரண மனிதருக்குச் சலுகை இல்லை. அவர் ஷோரூமிலேயே சாவியைப் பெற்றுக்கொண்டால் அது உள்ளூர் விற்பனை. வண்டி ஓடித் தேய்க்கும் சாலைகளை உடைய ராஜ்யத்துக்கு அவ்வரியில் ஒரு காசும் இல்லை.

ஆகவே வரி குறைந்த இடம் தேடி மக்கள் சென்றதில் வியப்பில்லை. வரி குறைந்த யூனியன் பிரதேசங்கள் பலரை ஈர்த்தன. தமிழ்நாடு 1990-ல் மோட்டார் வாகன நுழைவு வரிச் சட்டம் இயற்றியது. வெளியில் கட்டிய விற்பனை வரியைக் கழித்து, மீதியைக் கேட்டது அச்சட்டம். 1999 நவம்பரில் முதல் மந்திரிகள் கூடி, எந்த ராஜ்யமும் குறிப்பிட்ட விகிதத்துக்குக் கீழே இறங்குவதில்லை என்று இசைந்தனர்.

2017 ஜூலை 1-ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. நுழைவு வரி மறைந்தது. விகிதம் நாடெங்கும் ஒன்றாயிற்று. உபயோகிக்கும் ராஜ்யத்துக்கே வரி என்ற 1950-ன் எண்ணம் வேறு உருவில் மீண்டது. எனினும் கடையிலேயே வண்டியைப் பெறுபவரின் உபயோக இடம் எது என்ற ஐயம் நின்றது. 2023 அக்டோபர் 1 முதல், வரிப் பதிவு இல்லாதவர் வாங்கினால் பட்டியலில் எழுதிய விலாசமே அதைத் தீர்மானிக்கிறது. விலாசம் இல்லாவிடில் விற்பவரின் இடம். தில்லியில் வாங்குபவர் திருச்சி விலாசத்தை எழுதச் செய்தால் ராஜ்யப் பங்கு தமிழ்நாட்டைச் சேரும். அவர் கொடுக்கும் தொகை ஏறுவதுமில்லை, குறைவதுமில்லை.

சாலை வரியின் கதை வேறு. அது இன்றும் ராஜ்யங்களின் கையில், விகிதங்களும் வெவ்வேறாக இருக்கிறது. மாற்றலாகிச் செல்பவர் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வண்டியை வேற்று ராஜ்யத்தில் வைத்திருந்தால் புதுப் பதிவெண் பெற வேண்டும். பழைய பதிவு அலுவலகத்தில் ஆட்சேபமில்லாச் சான்று வாங்கி, புதிய ராஜ்யத்தில் சாலை வரி கட்டி, முந்தைய வரியின் மீதிக்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். இவ்வலைச்சலைக் குறைக்க 2021-ல் பாரத் வரிசைப் பதிவெண் ஏற்பட்டது. மத்திய, ராஜ்ய சர்க்கார் ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ராஜ்யங்களில் கிளையுள்ள தனியார் நிறுவனத்தாருக்கும் அது கிடைக்கும். சாலை வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டினால் போதும்.