பெட்டியில் வந்த கார்கள்: சென்னை மோட்டார் ஆலைகளின் நாற்பது ஆண்டுகள், 1948–1988

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இலேயே மதுரையில் மோட்டார் தொழிலில் கால் வைத்தவர்; டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனர். பேருந்து ஓட்டுவதிலும் வண்டி விற்பதிலும் தொடங்கிய அந்தத் தொழில், அடுத்த தலைமுறையில் வண்டிக்கான பாகங்களைச் செய்யும் ஆலைகளாக விரிந்தது. சென்னையில் கார் பூட்டிய நாற்பது ஆண்டுகளின் நிலைத்த பலன் இந்தப் பாகத் தொழில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹென்றி ஃபோர்டு 1913இல் நகரும் அசெம்பிளி வரிசையை அமைத்தபோது, ஒரு சேசிஸைப் பூட்டப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன வேலை சில மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. இந்தியாவுக்கு அந்த வேகம் வரவில்லை, பெட்டிகள்தான் வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் ஆலை திறந்து, கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி செவர்லே கார்களை விற்றது. வார்ப்பு, அச்சு, கடைசல் என நுட்பமான வேலையெல்லாம் வெளிநாட்டிலேயே முடிந்துவிடும். முடுக்குவது மட்டுமே இங்கே.

விடுதலைக்குப் பின் சென்னையும் இதே வழியில்தான் தொடங்கியது. ரகுநந்தன் சரண் 1948இல் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. அதே 1948இல் யூனியன் கம்பெனி, பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தோடு கைகோத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸைத் தொடங்கியது. அதன் ஆலை வண்டலூர்ப் பக்கம் எழுந்தது.

ஆட்டத்தின் விதியை மாற்றியது 1953ஆம் ஆண்டின் சுங்கவரி ஆணைய அறிக்கை. பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாதவர்கள் தொழிலில் தொடர முடியாது என்றானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கடையைக் கட்டியது. லேலண்டுடன் சேர்ந்த அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆகி லாரிப் பக்கம் போய்விட்டது. சென்னையில் கார் என்றால் ஸ்டாண்டர்ட் என்ற நிலை வந்தது.

அதன் புகழ்பெற்ற வண்டி 1961இல் வந்த ஹெரால்டு. இத்தாலியரான ஜியோவான்னி மிகெலோட்டி வடிவமைத்த இந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் பாடியும் அடிச்சட்டமும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. உத்தர்பாராவில் உருவான அம்பாசடரும் அப்படித்தான். அதற்குப் பெரிய பிரஸ் எந்திரங்களும் பெரும் முதலீடும் வேண்டும். பிரிட்டனில் ஸ்டாண்டர்டுக்குப் பாடி செய்து கொடுத்த நிறுவனம் போட்டியாளரின் கைக்குப் போய்விட்டதால், ஹெரால்டைத் துண்டு துண்டாகச் செய்யும்படி வடிவமைத்தார்கள். தனி சேசிஸ், அதன் மேல் முன்கூடு, பின்கூடு, கூரை, முன்பக்கம் முழுவதும் மேலே தூக்கித் திறக்கும் பானெட் என ஒவ்வொன்றையும் போல்ட்டு போட்டு இறுக்கிவிடலாம். கதவு இடுக்கு சீராக வர, தொழிலாளியின் கைப்பக்குவம் வேண்டும். பிரிட்டிஷ் ஆலையின் நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடு, சிறிய சென்னை ஆலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டை 1960களின் பிற்பகுதியில் இங்கேயே உருவாக்கவும் முடிந்தது.

பாகங்கள் உள்நாட்டில் கிடைத்தால்தானே அரசின் நிபந்தனை நிறைவேறும்? அந்தத் தேவையில்தான் சென்னையின் பாடி என்ற வட்டாரம் வளர்ந்தது. வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்த லூகாஸ்-டி.வி.எஸ்., போல்ட்டு நட்டு செய்த சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் ஆகிய டி.வி.எஸ். குழும நிறுவனங்கள் 1960களில் அடுத்தடுத்து முளைத்தன. இவை ஒரே காரை நம்பி இருக்கவில்லை. லாரி, பேருந்து, டிராக்டர் என எல்லாவற்றுக்கும் பாகம் கொடுத்தன.

ஸ்டாண்டர்டுக்கு அந்த அகலம் இல்லை. ஹெரால்டின் வழிவந்த கெசல் 1970களோடு நின்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000, ரோவர் உடலுக்குள் பழைய எஞ்சினைச் சுமந்து விலைபோகாமல் தவிக்க, 1988இல் ஆலை மூடப்பட்டது. பிற்காலத்தில் ஃபோர்டும் ஹூண்டாயும் 1990களில் சென்னையைத் தேர்ந்தெடுத்தபோது, துறைமுகத்தோடு தேர்ந்த பாக உற்பத்தியாளர்களும் இங்கே தயாராக இருந்தார்கள். கார் ஆலையாக ஸ்டாண்டர்ட் தோற்றது. பாகங்களை உள்நாட்டிலேயே செய்ய வைத்த கொள்கை தோற்கவில்லை.