முதலில் பயம்

அம்பத்தூரில் பாங்க் கவுன்டரில் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது விரல்கள் வேறு யாருடையவையோபோல் தெரிந்தன. கணக்கு தப்பவில்லை, எண்ணுகிறவன்தான் இல்லை. அதற்கு 'அந்நியமாதல்' என்று பெயரிட்டு ஒரு கட்டுரையும் எழுதினேன். அது பொய்.

டீபெர்சனலைசேஷன் என்ற சொல் ஜெனீவாக்காரரான அமியேலின் நாட்குறிப்பில் இருந்தது. 1898-ல் லூதோவிக் துகா அதை எடுத்து உளவியலுக்குத் தந்தார். பதற்றத்தோடு சேர்த்து அதை ஒரு நோய்த்தொகுதியாக மார்ட்டின் ராத் விவரித்தது 1959-ல்.

துகாவுக்கு இரண்டு வருஷம் முன்பு, 1896 ஜூலையில், மதுரையில் 16 வயது வேங்கடராமனைக் காரணமில்லாமல் மரணபயம் பிடித்தது. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது எது என்று பார்த்தார், பின்னாளில் ரமணர். அவரை நோயாளியாக்குவது என் நோக்கமல்ல. வரிசையைத்தான் கவனிக்கிறேன்: முதலில் பயம், உடலிலிருந்து விலகல் பிறகு. நம் விமர்சனம் விலகலை மட்டும் எடுத்துக்கொண்டு தத்துவமாக்கிவிட்டது. பயத்தை ஒப்புக்கொள்ள வெட்கம்.

அவருக்கு அந்த பயம் அன்றோடு தீர்ந்தது. எனக்கு வருகிறது, போகிறது. இப்போது ஆராய்வதில்லை, ஆராய ஆராய அது வலுக்கிறது. 'இது பயம்' என்று சொல்லிக்கொள்கிறேன். சில்லறையின் குளிர்ச்சியைத் தொடுகிறேன், ஆவடி லோக்கலின் சத்தத்தைக் கேட்கிறேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் திரும்பி வந்துவிடுகின்றன.