மெட்ஸோ ஃபோர்ட்டே

சிவகாசியில் ஒரு தேவாலயப் பாடகர் குழு ஒத்திகையில், ‘எம்.எஃப்.’ என்ற குறிக்குப் ‘பாதிச் சத்தம்’ என்று பொருள் சொன்னார்கள். பிள்ளைகள் குரலை விழுங்கிவிட்டார்கள். இத்தாலிய மெட்ஸோவுக்குப் பாதி, நடு என இரண்டு பொருள். ஏழு சுரங்களின் நடுவே நிற்கும் நம் மத்திமம் அதற்குத் தூரத்து உறவு. ஃபோர்ட்டேக்கு முதற்பொருள் வலிமை. சத்தம் பிறகு வந்தது. அதற்காக ‘வலிவு’ என்று பெயர்த்துவிடக் கூடாது. தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்பவை ஸ்தாயிகள். ‘உரத்த’ என்பதே பொருந்தும். உரம் என்றாலும் வலிமைதானே! பட்டாசுக்கு 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று வரம்புண்டு. இந்தக் குறிக்கு எண்ணே கிடையாது. ஃபோர்ட்டேக்குச் சற்றுக் கீழே, ‘மிதமாய் மெல்ல’ என்னும் மெட்ஸோ பியானோவுக்கு மேலே, அவ்வளவுதான். பாட்டு வாத்தியார்களே, ‘மிதமாய் உரத்து’ என்று சொல்லிக்கொடுங்கள்.