குறைமாதச் சிசுவின் மூச்சும் மூளையும்

1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியாயிருந்த யோன் கெனடிக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த அச்சிசு மூச்சுத் திணறி, 39 மணி நேரத்தில் உயிர் நீத்தது. வல்லரசின் தலைவர் வீட்டுப் பிள்ளைக்கும் அன்று மருந்து இருக்கவில்லை. நோயின் காரணமோ நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்திருந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

1959இல் பொஸ்டன் நகரிலே மேரி எலன் ஏவரி என்னும் பெண் வைத்தியரும் ஜியர் மீட் என்பவரும் இவ்விதம் இறந்த சிசுக்களின் சுவாசப்பைகளை ஆராய்ந்தனர். சுவாசப்பையின் நுண்ணறைகளை ஈரப்படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அதன் பரப்பிழுவிசை நுண்ணறைகளைச் சுருங்கச் செய்யும். மாணவர்க்குப் பௌதிகவியலில் நாம் கற்பிக்கும் அதே விசைதான். நிறைமாதச் சிசுவிடம் ஊறியிருக்கும் சர்ஃபக்டன்ற் என்னும் கொழுப்புப் பொருள், சவர்க்காரம் நீரில் செய்வதுபோல, அவ்விசையைத் தணித்து நுண்ணறைகளைத் திறந்து வைக்கிறது. இறந்த சிசுக்களிடம் அது குறைந்திருக்கக் கண்டனர்.

மருந்து வர மேலும் 21 ஆண்டுகள் சென்றன. 1980இல் யப்பானிய வைத்தியர் தெற்சுரோ புஜிவாரா, மாட்டின் சுவாசப்பையிலிருந்து எடுத்துச் செப்பனிட்ட பொருளை 10 சிசுக்களின் மூச்சுக்குழாயினுள் செலுத்திப் பயன்கண்ட செய்தியை வெளியிட்டார்.

கதை அங்கே முடிந்திருக்கலாம், முடியவில்லை. இரத்த அழுத்தம் ஏறினும் இறங்கினும் மூளையின் குருதிக்கலன்கள் தாமே சுருங்கி விரிந்து ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும். நோயுற்ற சிசுக்களிடம் இக்காவல் தளர்ந்திருக்கிறதென்று டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் லூ முதலியோர் 1979இல் காட்டியிருந்தனர். குறைமாதச் சிசுவின் மூளைக்குள் உள்ள கலன்களோ மிக மெல்லியவை. ஓட்டம் பொங்கினால் அவை வெடிக்கலாம். வற்றினால் மூளை வாடலாம். அப்படியாயின், சில நிமிடங்களில் சுவாசப்பையை மாற்றிவிடும் இம்மருந்து மூளையை என்ன செய்யும்?

மண்டையோட்டைத் திறவாமல், கேளா ஒலியாலும் கண்ணுக்குப் புலனாகாச் செந்நிறக்கீழ்க் கதிராலும் அளந்து பார்த்தனர். சில சிசுக்களிடம் ஓட்டம் சற்று நேரம் ஏறியது, சிலரிடம் இறங்கியது. இம்முரணுக்குக் காபனீரொட்சைட்டு ஒரு காரணமாகும். சுவாசப்பை விரிந்த பின்னும் சுவாசப் பொறியை முன்போலவே இயங்கவிட்டால் அவ்வாயு குருதியில் தாழ்ந்து, மூளையின் கலன்கள் ஒடுங்கும். மருந்து செலுத்தும்போது குழாய் அடைபட்டால் அது உயர்ந்து, கலன்கள் விரியும்.

பெரும் பரிசோதனைகளில் இறப்புக் குறைந்தது. அஞ்சியவாறு மூளைக் குருதிக்கசிவு பொதுவாக மிகவுமில்லை. ஆயினும் அந்த அச்சம் வீண்போகவில்லை என்றே கூறுவேன். மருந்து சென்றவுடன் பொறியின் அழுத்தத்தைத் தணிப்பது வைத்தியர் கடனாயிற்று. இந்நாளில் பல வைத்தியசாலைகளில், சிசுவைத் தானே மூச்சுவிடச் செய்து, மெல்லிய குழாய் வழியே மருந்தைச் செலுத்துகின்றனர்.