பழைய அம்பாசிடருக்கு எந்த இன்ஜின் போடலாம்? வாங்குறதுக்கு முன்னாடி ஆர்சியைப் பாருங்க!

அமெரிக்காவில் பழைய காருக்கு வேகமான இன்ஜின் ஏற்றி ஓட்டுவதை 'ஹாட் ராட்' என்பார்கள். 1932 மாடல் ஃபோர்டில் ஃபோர்டு வி8 வைப்பதா, 1955-ல் வந்த செவர்லே வி8 வைப்பதா என்ற சண்டை அங்கே ஓய்ந்தபாடில்லை.

மூலனூர், தாராபுரம் பக்கம் தாத்தா காலத்து அம்பாசிடரை ஷெட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான். என்ன இன்ஜின் போடுறது?

பழைய அம்பாசிடரில் பல வருடம் வந்தது பிரிட்டனின் பிஎம்சி வடிவமைப்பு. 1489 சிசி பெட்ரோல். மெதுவாகத்தான் இழுக்கும், ஆனால் பெரும்பாலான பழைய மெக்கானிக்குகளுக்கு அத்துப்படி. 1990-களில் கம்பெனியே ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைப் போட்டது, கூடவே 5 கியர். அம்பாசிடர் பிரியர்கள் கண் வைப்பது இதன் மேல்தான். மாற்றினால் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றணும், செலவு அங்கேதான் ஏறும்.

சிக்கல் ஸ்பேனரில் இல்லை, சட்டத்தில் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட.

அதே கம்பெனி, அதே வகை இன்ஜின் என்றால் ஆர்டிஓ அனுமதி கேட்கலாம். 1489 சிசி வண்டியில் 1.8 லிட்டர் என்றால் ஆர்சியில் உள்ள சிசியே மாறிடும். 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இழுபறிதான். அதனால் இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிடுங்க.