திராவகமும் அமிலமும்

எலுமிச்சைச் சாற்றை யாரும் திராவகம் என்று சொல்வதில்லை. பேட்டரியில் ஊற்றுவதைச் சொல்வார்கள். வேதியியல் பாடத்திலோ இரண்டிலும் இருப்பது அமிலம்தான்.

இரண்டு சொல்லும் வடமொழி வழி வந்தவை. 'அம்ல' என்றால் புளிப்பு. லத்தீன் 'ஆசிடுஸ்' என்பதற்கும் அதே பொருள். நாக்கு வைத்த பெயர்கள் இவை. திராவகம் அப்படியல்ல. உருக்குவது, கரைப்பது என்று அதன் தொழிலைப் பார்த்து வைத்த பெயர். சித்த மருத்துவத்தில் வடித்தெடுக்கும் கடுஞ்சரக்குகளுக்கும் இதே பெயர்தான். 3 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1 பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்தால் பொன்னும் கரையும். அந்தக் கலவையைப் பாடநூல்கள் இன்றும் இராஜ திராவகம் என்றே எழுதுகின்றன. இராஜ அமிலம் என்று மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை போலும்.

புளிப்புக்குக் காரணம் எது? ஆக்சிஜன் என்றார் லவாய்சியர். அந்தப் பெயருக்கே கிரேக்க மொழியில் 'புளிப்பை உண்டாக்குவது' என்று பொருள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று 1810-இல் ஹம்ப்ரி டேவி நிலைநாட்டினார். கருத்து போயிற்று, பெயர் தங்கிவிட்டது. ஜெர்மானியர் இன்றும் ஆக்சிஜனைப் 'புளிப்புப் பொருள்' என்றுதான் அழைக்கிறார்கள்.

விடை தண்ணீரில் இருந்தது. கரைந்த பொருள்கள் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்று 1887-இல் ஸ்வீடனின் அர்ரேனியஸ் எழுதினார். அமிலம் பிரித்து விடுவது ஹைட்ரஜன் அயனியை. அது தனியே திரிவதில்லை. நீர் மூலக்கூறைப் பற்றிக்கொண்டு ஹைட்ரோனியம் ஆகிறது. ஈரமே இல்லாத ஹைட்ரஜன் குளோரைடு வாயு உலர்ந்த நீல லிட்மஸ் தாளை ஒன்றும் செய்யாது. தாளை நனைத்துக் காட்டினால் சிவந்துவிடும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீரில் அநேகமாக முழுதும் பிரிகிறது. சமையல் வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தில் ஆயிரம் மூலக்கூறுக்கு நாலைந்துதான் பிரிந்திருக்கும். முன்னது வலிமை மிக்கது, பின்னது வலிமை குறைந்தது. இந்த வேறுபாட்டைத்தான் பேச்சுவழக்கு திராவகம் என்ற சொல்லால் முன்பே பிரித்து வைத்திருக்கிறது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதற்கு விடாது. நீர்த்த கரைசலில் அது சிறு பங்கே பிரியும்; கணக்குப்படி வலிமை குறைந்த அமிலம். ஆனாலும் கண்ணாடியைக் கரைத்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் புட்டியில்தான் அடைத்து வைக்கிறார்கள். கண்ணாடியிலுள்ள சிலிக்கனை ஃபுளூரின் இறுகப் பற்றி இழுப்பதால் வரும் வினை அது.